கேக் மேசைக்கு முன்னால்

இப்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் வந்தால் போதும், ஜனங்கள் எதையும் நம்பிவிடுகிறார்கள். பெட்டியின் மேல் ஒரு படம், உள்ளே ஒரு தாள், தாளில் அம்புக்குறி. அம்பு காட்டுகிற பக்கமெல்லாம் போகிறார்கள். நாங்கள் ஒரு சாமானை வாங்கினால் திருப்பிப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், விற்கிறவன் முகத்தைப் பார்ப்போம். இப்போது விற்கிறவனுக்கு முகமே கிடையாது. லாரிக்காரன் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடுகிறான். நல்ல சரக்கைக் கொண்டு வந்தவன் எதற்கு ஓட வேண்டும்?

அப்படி வந்ததுதான் அந்த டிஸ்க் பிரேக்.

அது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் காரில் பிரேக் இருந்தது. முப்பத்துநாலாம் வருட ஃபோர்டு. கூரையை அறுத்து எடுத்து, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, முன்பக்கத்தைத் தாழ்த்தி, என் கையால் நானே கட்டிய ஹாட் ராட். எஞ்சினை எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடப் பெரியதாக. பிரேக்கை மட்டும் தொட்டதில்லை. பெடலிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பி. மிதித்தால் கம்பி இழுக்கும், கம்பி இழுத்தால் சக்கரம் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. உடனே பிடிக்காது என்பது வாஸ்தவம்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடிக்கும். எங்கே நிற்க வேண்டுமோ அதற்கு ஒரு தெரு முன்னாலேயே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். அதுகூடத் தெரியாதவன் கார் ஓட்ட வேண்டாம்.

மே மாதம் எங்கள் ஹாட் ராட் கிளப்பின் கார்களெல்லாம் மில் தெரு இறக்கத்தில் வரிசையாக இறங்கிப் பூங்காவுக்குப் போகும். முதல் கார் என்னுடையது. என் பக்கத்தில் லொரீன், தலையில் பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு. கல்யாணமான வருடத்திலிருந்து அவள் அந்த இருக்கையை விட்டதில்லை. இறக்கத்தின் அடியில் தேவாலயப் பெண்கள் மேசை போட்டுக் கேக் விற்பார்கள். போன வருடம் அந்த மேசையை வழக்கமான இடத்தைவிட முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். இதை அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நான் நடக்கிற வேகத்தில்தான் போய் முட்டினேன். கேக்குகளைத் தவிர யாருக்கும் காயமில்லை. ஒரு தேங்காய் கேக் மட்டும் தெறித்துக் கண்ணாடியைத் தாண்டி லொரீனின் மடியில் வந்து உட்கார்ந்தது. அவள் அதைக் கீழே தள்ளவில்லை. ஊர்வலம் முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

இந்த வருடம் கிளப் கூட்டத்தில் மேவிஸ் எழுந்தாள். அவள்தான் தலைவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். எங்களையும் பின் சீட்டுப் பிள்ளைகளாகத்தான் நடத்துவாள்.

"ஹாலிஸ், ஊர்வலத்துக்கு முந்தின நாள் தெருவுல சுண்ணாம்புக் கோடு போடுவேன். உன் வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னா முதல் கார் நீதான். அந்தப் பக்கம் நின்னா டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போவோம்."

"டிரெய்லர்லயா? என் வண்டி என்ன செத்த மாடா?"

"செத்த மாடு யார் மேலயும் ஏறாதுய்யா" என்றான் டெல்பர்ட்.

டெல்பர்ட்டின் கார் வரிசையில் இரண்டாவது. நான் எப்போது விழுவேன் என்று பின்னாலேயே காத்துக்கொண்டிருப்பவன். அவன் கார் முழுக்கக் குரோமியம். எஞ்சினில் குரோமியம், அச்சில் குரோமியம், திறக்கவே திறக்காத மூடிகளில்கூடக் குரோமியம். ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். அந்தக் காரைப் பார்த்து நான் சிரிக்காத நாளில்லை.

மறுநாள் காலை லொரீன் பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட்டில் கிரேவி ஊற்றி என் முன்னால் வைத்தாள். தட்டு மேசையில் பட்ட சத்தத்திலேயே விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

"இந்த வருஷம் நிக்கிற கார்லதான் உட்காருவேன்" என்றாள்.

"நம்ம கார் நிக்கும்."

"நிக்கும். எது மேல மோதி நிக்கும்னுதான் தெரியல. டெல்பர்ட் கார்ல இடம் இருக்காம். கேட்டுட்டேன்."

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன். ஜன்னல் பக்கமே தர்றேன்னான்."

டிரெய்லரைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அவள் அந்தக் குரோமியக் குப்பையில் உட்கார்ந்து கையாட்டுவதை டிரெய்லர் மேலிருந்து நான் பார்க்க வேண்டுமா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எதிர்வீட்டு ரேமுண்டோவைக் கூப்பிட்டேன்.

ரேமுண்டோ சைலன்சர் கடை வைத்திருக்கிறான். என்னை "டான் ஹாலிஸ்" என்றுதான் கூப்பிடுவான். அவன் அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார், மெக்சிகோக்காரர்களின் மரியாதை அது. அவன்தான் டிஸ்க் பிரேக் பெட்டிக்குச் சொல்லி வரவழைத்தான். பெட்டி வந்த அன்றே அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"மாட்டறது நான். நீ நாற்காலி போட்டு உட்காரு, தின்னு, குடி. பிரேக்கப் பத்தி மட்டும் வாயத் திறக்கக் கூடாது. திறந்தா அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிடணும்."

"சரிங்க டான். எங்கம்மா மேல ஆணை" என்று நெஞ்சில் கை வைத்தான். அவன் அம்மா சோளமாவில் கறி வைத்து அவித்துக் கொடுத்தனுப்பிய தமாலே ஒரு பாத்திரம் நிறைய மடியில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தான்.

தாளை நான் படிக்கவில்லை. கை துடைக்க உதவியது. கம்பிகளையெல்லாம் கழற்றினேன். பின் சக்கரங்களுக்கு ஆயிலில் இயங்கும் டிரம் பிரேக், முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க், காரின் தரைக்கு அடியில், மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், எல்லாவற்றையும் இணைக்க மெல்லிசான குழாய். குழாய்க்குள் பிரேக் ஆயில். யோசித்துப் பாருங்கள், இத்தனை பெரிய இரும்பை ஒரு கரண்டி எண்ணெய் பிடித்து நிறுத்துமாம்.

முன் சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் ஒன்று உண்டு. அதன் உச்சியில், காற்றை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு, ரப்பர் தொப்பி போட்டுக்கொண்டு துருத்திக்கொண்டிருக்கும். மற்ற கார்களில் அது மட்கார்டுக்கு உள்ளே கிடக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்? என் காருக்கு மட்கார்டு கிடையாது. முன் சக்கரத்தில் இருக்கிறதெல்லாம் ஊர் கண்ணில் படும். இரண்டு பக்கமும் சேவல் கொண்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எட்ட நின்று பார்த்தேன், சகிக்கவில்லை. கழற்றினேன். இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கமும், வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றி மாட்டினேன். தலைகீழாக உட்கார்ந்தது. திருகு அடியில் போய் மறைந்துகொண்டது. கச்சிதம். பெட்டி செய்தவனுக்கு இந்த மூளை இல்லை.

ரேமுண்டோ நாற்காலியில் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். பிறகு ஒரு தமாலேவை எடுத்து முழுசாக உள்ளே திணித்துக்கொண்டான். பசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்தது காற்றெடுக்கிற வேலை. குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும், காற்று இருந்தால் பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் திருகைத் திறந்து, காற்றையும் ஆயிலையும் ரப்பர் குழாய் வழியாக ஜாடியில் இறக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நிலைக்குமா என்று பாதிரியாரைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பேரையும் பிரேக்கில் காற்றெடுக்கச் சொன்னால் போதும்.

லொரீன் உள்ளே உட்கார்ந்தாள். நான் சக்கரத்தடியில் படுத்தேன்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அழுத்திப் பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடாத."

"விடல."

"ம், விடு. ஏய், ஏன் விட்ட?"

"நீதான விடுன்ன."

"திருகை விடுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"உனக்குச் சொல்றத மனசுக்குள்ள சொல்லிக்க. எனக்குச் சொல்றத வெளிய சொல்லு."

ஜாடியில் ஆயில் இறங்கியது. தெளிவாக, ஒரு குமிழிகூட இல்லாமல். பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு மூட்டை. தரைவரை போயிற்று.

மறுபடி எடுத்தோம். குமிழி இல்லை, பெடல் பஞ்சு. ஆயிலை மாற்றினேன். விற்றவன் காற்றைக் கலந்து விற்றிருப்பான் என்று வேறு கடையில் வாங்கினேன். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மாட்டினேன். பஞ்சு பஞ்சாகவே இருந்தது.

ஒரு கார் ஓடவில்லை என்றால் எங்கள் கிளப்பில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நிற்கவில்லை என்றால் எல்லோரும் வருவார்கள், மடக்கு நாற்காலியோடு. என் ஷெட் வாசலில் அரைவட்டமாக நாற்காலிகள் விழுந்தன. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"மாஸ்டர் சிலிண்டர் சின்னது" என்றான் ஒருவன்.

"பெரிசு" என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

"பெடல் கம்பி நீளம். ரெண்டு விரல் வெட்டு."

"ஆயில் திரும்பி ஓடிடுது. நடுவுல ஒரு வால்வு வைக்கணும்."

"வெச்சிருக்கேன்" என்றேன்.

"அப்ப அதை எடுத்துடு."

டெல்பர்ட் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். "என்கிட்ட நல்ல டிரெய்லர் இருக்கு, ஹாலிஸ். போன வாரம்தான் பெயின்ட் அடிச்சேன்" என்றான். "லொரீன், உனக்கு மெத்தை போடணுமா? என் சீட்டு கொஞ்சம் வழுக்கும்."

"போட்டு வை" என்றாள் லொரீன், பெடலை மிதித்துக்கொண்டே.

ரேமுண்டோ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் வந்தான். தினமும் அம்மாவின் பாத்திரம். நான் திருகைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தமாலே உள்ளே போயிற்று. நாலு பேர் பேசுகிற இடத்தில் ஒருவன் இப்படி வாயடைத்து உட்கார்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் மேல் இருந்த சந்தேகத்தில் அவனை மறந்துவிட்டேன்.

சுண்ணாம்புக் கோடு போடப்போகிற நாள் காலையில் லொரீன் பெடலிலிருந்து காலை எடுத்தாள். இறங்கினாள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தாள். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"இனி என்னால முடியாது" என்றாள். "உள்ள காத்து இருக்கு."

"இல்ல. ஜாடியப் பாரு. ஒரு குமிழி வரல."

"வரலன்னா உள்ளயே இருக்குன்னு அர்த்தம்."

"இருந்தா வந்திருக்கணும்."

"வீட்டுக்குள்ள நீ இருக்க, கூப்பிட்டா வர்றியா?"

நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். ரேமுண்டோவுக்குப் புரையேறியது. வாய் நிறைய தமாலே, கண்ணில் தண்ணீர். லொரீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேமுண்டோ, உனக்கு ஏதோ தெரியும்."

அவன் தலையாட்டினான். ஆமாம் என்றும் இல்லை என்றும் இரண்டு பக்கமும்.

"முழுங்கிட்டுச் சொல்லு."

"டான் அனுமதி குடுத்தாதான் பேசலாம், சென்யோரா. அம்மா மேல ஆணை போட்டிருக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பேசித் தொலை" என்றேன்.

"காத்து மேல போகும், டான். நீங்க வாசலை அடியில வெச்சிருக்கீங்க. காத்து உச்சியில உட்கார்ந்திருக்கு, ஆயில் மட்டும் கீழ வழியா வெளிய போகுது. காலிப்பர் பக்கம் மாறிப் போச்சு."

டெல்பர்ட் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். மற்றவர்களும் குனிந்தார்கள். இத்தனை நாள் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னவர்கள், இப்போது எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் லொரீன்.

"மாட்டும்போதே தெரியும்."

"அப்ப நான் மிதிச்சுக்கிட்டு இருந்தப்ப."

"ஆமாங்க."

"என் காலு வீங்கறதப் பார்த்துக்கிட்டே தின்னுக்கிட்டு இருந்த."

"பேசாம இருக்கத்தான் தின்னேன், சென்யோரா. எனக்கே நாலு நாளா வயிறு சரியில்ல."

"உங்கம்மாவுக்குப் போன் போடறேன் இரு."

ரேமுண்டோ முதல்முறையாகப் பயந்தான். லொரீன் என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு மாத்தி மாட்டின?"

"துருத்திக்கிட்டு இருந்தது."

"அதனால?"

"பார்க்க நல்லா இல்ல."

"அழகுக்கா?" என்றான் டெல்பர்ட். அவன் முகம் அவனுடைய பம்பரைப் போல் பளபளத்தது. "ஹாலிஸ், நீயா? அழகுக்கா?"

"அழகுக்கில்ல. சுத்தத்துக்கு."

"திருப்பி மாட்டு" என்றாள் லொரீன்.

"மாட்டேன்."

மாட்டினால் டெல்பர்ட் சாகும்வரை சொல்லிக் காட்டுவான். கொண்டை வேறு திரும்ப முளைக்கும். லொரீன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே, டெல்பர்ட்டின் காரை நோக்கி நடந்தாள். வாசலைத் தாண்டிவிட்டாள்.

"டான்" என்று ரேமுண்டோ என் காதருகில் வந்தான். "திருப்பி மாட்ட வேணாம். போல்ட்டை மட்டும் கழட்டி, காலிப்பரைக் கையில தூக்கி, திருகு மேல பார்க்கற மாதிரி பிடிச்சுக்கலாம். டிஸ்க் இருந்த இடத்துல ஒரு மரக்கட்டையைச் செருகிக்கலாம், உள்ள இருக்கற பிஸ்டன் வெளிய குதிக்காம இருக்க. காத்தை எடுத்துட்டு, பழையபடி கவுத்து மாட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

"நாங்கல்லாம் இங்கதான இருக்கோம்" என்றான் நாற்காலியில் ஒருவன்.

மரக்கட்டை என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மரம் கண்ணுக்குத் தெரிகிற பொருள். ஒரு துண்டை அறுத்துச் செருகினேன். ரேமுண்டோ காலிப்பரைத் தூக்கிப் பிடித்தான். மிதிக்க ஆளில்லை. வாசல் பக்கம் பார்த்தேன். லொரீன் டெல்பர்ட்டின் கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"லொரீன்" என்றேன். "ஒரே ஒரு தடவை. இந்தக் காலு வேணாம். அந்தக் காலால மிதி."

கதவிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் வந்தாள். உட்கார்ந்தாள். நச்சென்று மிதித்தாள்.

ஜாடி சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கியது. குமிழி, குமிழி, குமிழி. இன்னொரு பக்கமும் அப்படியே. முடித்து, கவிழ்த்து மாட்டிவிட்டுப் பெடலை அமுக்கினேன். பாதி வழிகூடப் போகாமல் கல்லாக நின்றது.

"இப்ப என்ன சொல்ற?" என்றாள் லொரீன்.

"கட்டை நல்ல கட்டை" என்றேன்.

மாலையில் மேவிஸ் வந்தாள். பிரேக்கைச் சோதிக்கிறவர் ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு சிந்துகிறது என்று பார்க்கக் கையில் காபிக் கோப்பை வைத்துக்கொள்வது எங்கள் கிளப் வழக்கம். மேவிஸ் கோப்பையை விளிம்புவரை நிரப்பிக்கொண்டுதான் ஏறுவாள். மில் தெருவின் மேல் முனையிலிருந்து கிளம்பினேன். கோடு வெகு தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. என் பழக்கப்படி ஒரு தெரு முன்னாலேயே, இரண்டு காலையும் சேர்த்து மிதித்தேன்.

கார் நின்றுவிட்டது. நாங்கள்தான் நிற்கவில்லை. என் தொப்பி எஞ்சின் மேல் போய் விழுந்தது. காபி முழுதும் கண்ணாடியில் வழிந்தது. மேவிஸ் காலிக் கோப்பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"கோடு எங்க?"

"அதோ, தபாலாபீஸ் பக்கத்துல."

"சரி" என்றாள். "நிக்குது. இனிமே ஒரு கால் போதும், ஹாலிஸ்."

மறுநாள் ஊர்வலம். லொரீன் பச்சை ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, வீங்கின காலுக்கு என் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் டெல்பர்ட், ஜன்னல் பக்கத்தில் வெறும் மெத்தையோடு வந்தான். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

இறக்கம் வந்தது. ஒரே காலால், மெதுவாக மிதித்தேன். கார் ஆட்டுக்குட்டியாக வேகம் குறைந்தது. கேக் மேசை வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நல்ல தூரம் முன்னால் அலுங்காமல் நின்றேன். அப்படி ஒரு நிறுத்தத்தை என் ஆயுளில் நிறுத்தியதில்லை.

ஒருவரும் பார்க்கவில்லை. என் கார் மேட்டில் தலை காட்டியவுடனேயே தேவாலயப் பெண்கள் மேசையை நாலு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மிச்சப் பெண்கள் ஆளுக்கொரு கேக்கோடு தேவாலயப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். உயரமான ஒருத்தி தேங்காய் கேக்கைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். வாண வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மாதிரி எல்லோரும் மேலே நின்று என்னைப் பார்த்தார்கள்.

"நின்னுட்டேன்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கறோம்" என்றாள் கேக் பிடித்தவள்.

லொரீன் சிரிக்க ஆரம்பித்தாள். போன வருடத்து மௌனத்துக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். ஸ்கார்ஃப் அவிழ்ந்து விழுந்தது.

"எறங்கு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ எறங்கினாதான் அவங்க எறங்குவாங்க. எனக்கு அந்தத் தேங்காய் கேக்குல ஒரு துண்டு வாங்கிட்டு வா. இந்தத் தடவை தட்டுல."

இறங்கினேன். குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தேன். காலிப்பர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி டிஸ்கைக் கவ்விக்கொண்டிருந்தது. மெல்லிசுக் குழாய், உள்ளே ஒரு கரண்டி எண்ணெய். இன்றைக்கு நின்றது. நேற்றும் நின்றது. அதனால் நாளைக்கும் நிற்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அந்தப் பெட்டிக்காரன்தான், தாளில், அம்புக்குறியோடு.

சீட்டுக்கு அடியில் அந்த மரக்கட்டையை வைத்திருந்தேன். எடுத்து முன் சக்கரத்துக்கு முன்னால் செருகி, குதிகாலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினேன். படியிலிருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேசையை இறக்கினார்கள். கேக் வாங்கப் படிப்பக்கம் நடந்தேன். ஆனாலும் காருக்கு முன்னால் போகவில்லை. சுற்றிக்கொண்டு, பின்பக்கமாகத்தான் போனேன்.